சர்வேயர் கைக்கு எந்தக் கால்குலேட்டர்?

புரோகிராம் எழுதிவைக்கும் வசதியுள்ள கால்குலேட்டர், சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில்தான் வேறுபடுகிறது. ஒரு கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எண்களை மட்டும் கேட்டு வாங்கி விடையைக் காட்டும். அணைத்துவிட்டு மறுநாள் இயக்கினாலும் மறக்காது. மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுபவருக்கு இது சிறு வசதி. ஒரே கணக்கை நாள் முழுவதும், வெயிலில் நின்றபடி, பக்கத்தில் மண் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போட வேண்டிய தொழிலாளிக்கு இதுவே பெரிய துணை. அப்படிப்பட்ட தொழில்களில் முன்னிற்பது நில அளவையும், சாலை, பாலம், கட்டட வேலைகளுக்கான மார்க்கிங்கும். அங்கே ஓர் எண் தவறினால் முளை தவறான இடத்தில் இறங்கும். அதை நம்பிக் கான்கிரீட் விழும்.

இந்தக் கருவியை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு பெரியது, வண்ணத் திரையா என்றுதான் பார்க்கிறார். தொழிலுக்கு இவை மூன்றுமே இரண்டாம் பட்சம். கோணத்தை அது எப்படி வாங்கிக்கொள்கிறது, எத்தனை இலக்கம் வரை பிசகாமல் கணக்கிடுகிறது, உள்ளே இருக்கும் புரோகிராமை அதைப் பயன்படுத்துபவரே படித்துச் சரிபார்க்க முடிகிறதா என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

சர்வேயர் களத்தில் போடும் கணக்கு வகைகள் அதிகமில்லை. இரண்டு புள்ளிகளின் நார்திங், ஈஸ்டிங் தெரிந்தால் இடையிலுள்ள தூரத்தையும் பேரிங்கையும் காண்பது ஒன்று. ஒரு புள்ளியும் அங்கிருந்து பேரிங்கும் தூரமும் தெரிந்தால் அடுத்த புள்ளியைக் காண்பது அதன் மறுதலை. டிராவர்ஸ் ஓட்டித் தொடங்கிய இடத்துக்கே திரும்பும்போது வரும் மூடுபிழையைக் கண்டு, பௌடிட்ச் விதிப்படி ஒவ்வொரு கோட்டின் நீளத்துக்கும் ஏற்பப் பகிர்வது மூன்றாவது. சாலை வளைவுக்கு முளை அடிப்பதும் மனையின் பரப்பைக் காண்பதும் மற்ற இரண்டு. இந்த ஐந்துக்கும் புரோகிராம் இருந்தால் களவேலையின் பெரும்பகுதி அடங்கிவிடும். லெவல் எடுக்கும் கணக்கை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. பேக் சைட்டுகளின் கூட்டலிலிருந்து ஃபோர் சைட்டுகளின் கூட்டலைக் கழித்தால் கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும் என்ற சோதனை லெவல் புத்தகத்திலேயே அமைந்திருக்கிறது. கூட்டல் கழித்தலை ஒரு பெட்டிக்குள் மறைத்தால் அந்தச் சோதனை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வேறு தொழில்களிலும் கோணக் கணக்கு உண்டு. லேத், மில்லிங் பட்டறையில் சைன் பார் வைத்துக் கோணம் அமைப்பவர், 100 மில்லிமீட்டர் பாருக்கு 12 டிகிரி 30 நிமிடம் வேண்டுமென்றால் 21.644 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் அடுக்க வேண்டும். இது ஒரே பெருக்கல். சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும். ஃபிளாஞ்சில் வட்டமாகத் துளை போட ஒவ்வொரு துளையின் இரு திசை அளவையும் காண்பதற்குப் புரோகிராம் கொஞ்சம் உதவும். ஆனால் சி.என்.சி. இயந்திரங்கள் வந்துவிட்ட பட்டறைகளில் அந்தக் கணக்கை இயந்திரமே செய்துவிடுகிறது. பைப் ஃபிட்டரின் ஆஃப்செட் கணக்கும் இப்படித்தான். 45 டிகிரி ஆஃப்செட்டுக்கு 1.414 என்ற பெருக்கெண்ணை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். எனவே புரோகிராம் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது சர்வேயருக்குப் பொருந்துகிற அளவு மற்றவர்களுக்குப் பொருந்தாது.

கோணத்திலிருந்து தொடங்கலாம். களத்தில் கோணம் டிகிரி, நிமிடம், விநாடியாகத்தான் வருகிறது. அதைக் கால்குலேட்டருக்குள் கொண்டுபோக இரண்டு வழக்கங்கள் உள்ளன. கேசியோ கருவிகளில் டிகிரி குறியிட்ட விசை தனியாக உண்டு. 53 அடித்து அந்த விசை, 7 அடித்து அதே விசை, 48 அடித்து மறுபடியும் அதே விசை. எச்.பி. கருவிகளில் 53.0748 என்று அடித்து, இது டிகிரி-நிமிடம்-விநாடி என்று சொல்லும் மாற்று விசையை அழுத்த வேண்டும். இரண்டாவது முறையில் விசைகள் குறைவு; பழகியவர் கை மிக வேகமாக ஓடும். ஆனால் அந்த மாற்று விசையை அழுத்த மறந்தால் கருவி எந்த எச்சரிக்கையும் தராது. 53.0748 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். 53 டிகிரி 7 நிமிடம் 48 விநாடியின் உண்மையான தசம மதிப்போ 53.13. அந்தச் சிறு வித்தியாசம் 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விலகலாகிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத அளவு சிறியது. தூணின் இடத்தைக் கெடுக்கப் போதுமான அளவு பெரியது. விசைகளைத் தனித்தனியாக அழுத்தும் முறை மெதுவானாலும், புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு அதுவே பாதுகாப்பு. கிராஃப் வரையும் பெரிய கால்குலேட்டர்கள் பலவற்றில் இந்தக் குறி மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கிறது. ஒரு கோணத்தை உள்ளிட ஏழெட்டு விசை கூடுதலாக அழுத்த வேண்டிய கருவி, எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் களத்துக்கு ஆகாது.

அடுத்தது பேரிங் காணும் கணக்கு. பாடநூல் சூத்திரப்படி ஈஸ்டிங் வித்தியாசத்தை நார்திங் வித்தியாசத்தால் வகுத்து, டேன் தலைகீழ் எடுக்க வேண்டும். நார்திங் வித்தியாசம் மைனஸ் 30 மீட்டர், ஈஸ்டிங் வித்தியாசம் மைனஸ் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வகுத்த விடை பிளஸ்ஸாகிவிடும். கால்குலேட்டர் 53 டிகிரி 7 நிமிடம் 48 விநாடி என்று காட்டும். புள்ளி இருப்பதோ தென்மேற்கில். சரியான பேரிங் 233 டிகிரி 7 நிமிடம் 48 விநாடி. நேர் எதிர்த் திசை. நார்திங் வித்தியாசம் பூஜ்யமானால் வகுத்தலே முடியாமல் பிழை என்று நின்றுவிடும். இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கத்தான் கருவிகளில் செவ்வக அளவைத் துருவ அளவாக மாற்றும் விசையும் அதன் மறுதலை விசையும் இருக்கின்றன. கேசியோவில் அவற்றின் பெயர் ‘போல்’, ‘ரெக்’. நார்திங் வித்தியாசத்தை முதலிலும் ஈஸ்டிங் வித்தியாசத்தை அடுத்ததாகவும் கொடுத்தால் தூரம் 50 மீட்டரும், கோணம் மைனஸ் 126 டிகிரி 52 நிமிடம் 12 விநாடியும் வரும். மைனஸாக வந்தால் 360 கூட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைப் புரோகிராமில் சேர்த்தால் போதும், நான்கு திசைக்கும் விடை சரியாக வரும்.

இந்த விசை இல்லாத கருவியைச் சர்வேயர் வாங்கலாமா? எச்.பி. நிறுவனம் தனது முதல் சயின்டிஃபிக் பாக்கெட் கால்குலேட்டரான எச்.பி. 35-இன் 35-ஆம் ஆண்டை ஒட்டி 2007-இல் 35எஸ் என்ற கருவியை வெளியிட்டது. 800-க்கு மேற்பட்ட எண்களைச் சேமிக்கும் இடம், நல்ல அழுத்தமான விசைகள் என்று அதில் எல்லாம் இருந்தன. ஆனால் அதற்கு முந்தைய 33எஸ்-இல் இருந்த துருவ-செவ்வக மாற்று விசைகளை எடுத்துவிட்டார்கள். சிக்கலெண் முறையைச் சுற்றி வளைத்துத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். செய்த புரோகிராமை வேறு கருவிக்கோ கணினிக்கோ மாற்றும் வழியும் அதில் இல்லை. பிரதி வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடிக்க வேண்டும். இப்படிக் குறைகள் இருந்தும் அமெரிக்க சர்வேயர்கள் அதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் அங்குள்ள உரிமத் தேர்வு. அங்கே பொறியாளர், நில அளவர் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு, கேள்விகளைச் சேமித்து வெளியே கடத்த வழிதரும் கருவிகளை 2004 முதல் தடைசெய்து, குறிப்பிட்ட சில மாதிரிகளை மட்டும் அனுமதித்தது. அந்தச் சிறிய பட்டியலில் புரோகிராம் வசதியோடு இடம்பெற்றவை 33எஸ்-உம் 35எஸ்-உம் மட்டுமே. தேர்வுக் கூடத்தின் விதியே ஒரு தொழிலின் கருவியை முடிவுசெய்துவிட்டது.

கோணத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது இலக்கங்கள். இதைப் பற்றிக் கடைக்காரரும் சொல்வதில்லை, பெட்டியின் மேலும் அச்சிட்டிருப்பதில்லை. ஜி.பி.எஸ். கருவிகள் பரவிய பிறகு உள்ளூர்க் கற்பனைத் தொடக்கப் புள்ளியை விட்டு யு.டி.எம். முறையில் கோஆர்டினேட் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சென்னை யு.டி.எம். 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. அங்கே நார்திங் 14 லட்சத்து 46 ஆயிரம் மீட்டரை ஒட்டியும், ஈஸ்டிங் 4 லட்சத்து 20 ஆயிரம் மீட்டரை ஒட்டியும் வரும். நார்திங்கை மில்லிமீட்டர் வரை எழுதினால் 7 இலக்கமும் 3 தசம இலக்கமுமாக மொத்தம் 10. பத்து இலக்கத் திரையில் இது இம்மி இடமில்லாமல் நிரம்பிவிடும்.

சிக்கல் திரையோடு நிற்பதில்லை. மனையின் பரப்பைக் கோஆர்டினேட்டிலிருந்து காணும்போது ஒரு மூலையின் நார்திங்கை அடுத்த மூலையின் ஈஸ்டிங்கால் பெருக்கி, குறுக்குப் பெருக்கலைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். சென்னையில் அந்தப் பெருக்கல் ஒவ்வொன்றும் 60 ஆயிரம் கோடியைத் தாண்டும். அதாவது தசமப் புள்ளிக்கு முன்பே 12 இலக்கம். 12 இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் எச்.பி. கருவியில் தசமப் பகுதி முழுவதும் உதிர்ந்துவிடும். நான்கு மூலை மனையில் எட்டுப் பெருக்கல்களின் பிசகு சேர்ந்தால் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மேலும் தவறு வரலாம். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி. இரண்டு சென்ட் மனை மொத்தமே 81 சதுர மீட்டர்தான். சதுர அடிக் கணக்கில் விலை பேசும் ஊரில் இதை யாரும் சும்மா விடமாட்டார்கள். 10 இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் பழைய எச்.பி. 15சி போன்ற கருவியில் ஒவ்வொரு பெருக்கலும் நூறுகளுக்குத் திருத்தப்படும். அதே மனைக்கு வரும் விடைக்கு அர்த்தமே இருக்காது. கேசியோவின் சயின்டிஃபிக் கருவிகள் திரையில் 10 இலக்கம் காட்டினாலும் உள்ளே 15 இலக்கம் வரை வைத்துக் கணக்கிடுவதால் இந்த விபத்திலிருந்து தப்பிவிடுகின்றன.

எந்தக் கருவியானாலும் மாற்று ஒன்று உண்டு. முதல் மூலையின் கோஆர்டினேட்டை எல்லா மூலைகளிலிருந்தும் கழித்துவிட்டு, மீதியை வைத்துப் பரப்பைக் காணலாம். அப்போது எண்கள் சில பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். எந்த இலக்கமும் உதிராது. புரோகிராமில் இரண்டே இரண்டு கழித்தல்தான் கூடுதல். அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டுமானால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இணையத்திலிருந்தோ நண்பரிடமிருந்தோ வாங்கிய புரோகிராமை அப்படியே ஏற்றிக்கொள்பவருக்கு, அது உள்ளூர்க் கோஆர்டினேட்டில் சரியாக ஓடி, யு.டி.எம்.-இல் தவறுவது ஏன் என்று புரியாது.

நினைவகத்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தேவையற்றது. புரோகிராம் ஏற்றக்கூடிய முதல் கைக் கால்குலேட்டர்களில் ஒன்றான எச்.பி. 65, 1974-இல் 795 டாலர் விலையில் வந்தது. சிறு காந்த அட்டையில் 100 படி வரை எழுதலாம். அந்த 100 படிக்குள்ளேயே சர்வேயர்கள் டிராவர்ஸ் கணக்கை அடக்கினார்கள். 1977-இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.ஐ. 59-க்கு நில அளவைக்கென்றே செருகிக்கொள்ளும் மாட்யூல் கிடைத்தது. 1979-இல் எச்.பி. 41சி வந்தபோது திரையில் எழுத்துகளும் தெரிந்தன. ‘தூரம்?’, ‘கோணம்?’ என்று கருவியே பெயர் சொல்லிக் கேட்க முடிந்ததுதான் களத்துக்குக் கிடைத்த உண்மையான முன்னேற்றம். அதுவரை எந்த எண்ணை எப்போது அடிப்பது என்பதை ஆள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் எழுத்து காட்டாத கருவியில் புரோகிராம் போடுவது வீண் ஆபத்து. உச்சி வெயிலில், நான்காவது எண்ணா ஐந்தாவது எண்ணா என்ற குழப்பம் வராமல் இருக்காது.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் கேசியோவின் எஃப்எக்ஸ்-5800பி களவேலைக்கு மிக நெருங்கி வருகிறது. 28,500 பைட் நினைவகம், நான்கு வரித் திரை, போல்-ரெக் வசதி, டிகிரிக்குத் தனி விசை, எளிய பேசிக் போன்ற மொழி, எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும் ஒரே ஒரு ஏஏஏ பேட்டரி. கேபிள் போட்டு இன்னொரு 5800பி-க்குப் புரோகிராமை மாற்றலாம். கணினியோடு இணைக்க முடியாதது அதன் பெரிய குறை. அதே நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-3650பி சிறியது, எளியது, 360 படிதான். வளைவுக்கும் பேரிங்குக்கும் அது போதும், புள்ளிகளைச் சேமிக்க இடம் போதாது. எஃப்எக்ஸ்-9750ஜிஐஐஐ போன்ற கிராஃப் கருவிகளில் பைத்தான் மொழியும் யு.எஸ்.பி. இணைப்பும் உண்டு. அலுவலகத்தில் புரோகிராம் எழுதி ஏற்றுவதற்குச் சிறந்தவை, கையில் வைத்து நடப்பதற்குப் பெரியவை.

எச்.பி.-யின் ஆர்.பி.என். முறை நல்லதா, சாதாரண எழுதும் வரிசை நல்லதா என்ற வாதத்துக்கு இத்தொழிலில் நீண்ட ஆயுள் இருந்திருக்கிறது. ஆர்.பி.என்.-இல் எண்கள் முதலில், செயல் பிறகு. அடைப்புக்குறியே தேவையில்லை, இடைவிடைகள் ஒவ்வொன்றும் கண்முன் நிற்கும். தனியாக வேலை செய்பவருக்கு அது அருமையான முறை. ஆனால் ஒரு கருவியை மூன்று பேர் மாற்றி மாற்றி எடுக்கும் குழுவில், மூவருக்கும் பழக்கமான முறையே நல்லது. தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி வழி வந்தவர்கள் அனைவரும் கேசியோ வரிசையில் பழகியவர்கள். அவர்களை ஆர்.பி.என்.-க்கு மாற்றுவதால் கிடைக்கும் வேகம், மாறும் காலத்தில் வரும் தவறுகளுக்கு ஈடாகாது.

கருவியின் உடம்பையும் பார்க்க வேண்டும். விசை அழுந்தியது விரலுக்குத் தெரிய வேண்டும். வியர்வைக் கையால், திரையைப் பார்க்காமல், ஸ்டாஃபைப் பார்த்துக்கொண்டே எண் அடிப்பவருக்கு அந்தச் சிறு ‘டிக்’ முக்கியம். எல்.சி.டி. திரை வெயிலில் நன்றாகத் தெரியும். ஆனால் போலரைஸ்டு கண்ணாடி அணிந்தவருக்குச் சில கோணங்களில் முழுக் கறுப்பாகிவிடும். வாங்கும்போதே அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சுரங்கப்பாதையிலோ இரவு வேலையிலோ பின்னொளி இல்லாத திரை பயன்படாது. 5800பி, 35எஸ் இரண்டிலுமே பின்னொளி இல்லை. கேசியோ கையேடுகள் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயக்கலாம் என்கின்றன. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாத நிழலே அதைத் தாண்டும். ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டுச் சென்ற கருவியின் திரை கறுத்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பேட்டரியும் இதே போன்ற விஷயம்தான். 35எஸ்-க்கு இரண்டு சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி வேண்டும். நகரத்தில் கிடைக்கும், அணைக்கட்டு வேலை நடக்கும் மலையடிவாரத்தில் கிடைக்குமா என்று யோசிக்க வேண்டும்.

டோட்டல் ஸ்டேஷனிலேயே இந்தக் கணக்கெல்லாம் இருக்கும்போது தனிக் கால்குலேட்டர் எதற்கு என்பது நியாயமான கேள்வி. டோட்டல் ஸ்டேஷன், தனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணை வைத்துத்தான் கணக்கிடும். ஸ்டேஷன் புள்ளியின் ஈஸ்டிங்கில் ஓர் இலக்கம் மாறி உள்ளே போயிருந்தால், அது காட்டும் இடமெல்லாம் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று பொருந்தியே தவறும். வரைபடத்திலிருந்து எண்களைத் தனியே எடுத்து, வேறொரு கருவியில், முடிந்தால் வேறொரு ஆள் போட்டுப் பார்க்கும் கணக்குதான் அந்தத் தவறைப் பிடிக்கும். ஆட்டோ லெவலும் தியோடலைட்டும் டேப்பும் மட்டுமே உள்ள சிறு ஒப்பந்ததாரருக்கோ கால்குலேட்டரை விட்டால் வேறு வழியில்லை. கைபேசி இருக்கிறதே என்றால், இருக்கிறது. எச்.பி. 42எஸ்-ஐ அப்படியே போலச் செய்யும் ஃப்ரீ42 என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது 34 இலக்கம் வரை கணக்கிடுவதால் மேலே சொன்ன பரப்புப் பிழை அதில் எழவே எழாது. அலுவலகத்தில் சரிபார்க்க இதைவிடச் சிறந்தது இல்லை. களத்தில் கண்ணாடித் திரைக்கு விரலின் வியர்வையும் சிமென்ட் தூசியும் ஆகாது, விசை அழுந்தியது தெரியாது, பாதிக் கணக்கில் அழைப்பு வரும். கேமரா உள்ள கைபேசியை உள்ளே விடாத வளாகங்களும் உண்டு.

புரோகிராம் எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதற்குச் சாலை வளைவு நல்ல உதாரணம். 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 10 மீட்டருக்கு ஒரு முளை அடிக்க வேண்டும். ராங்கின் முறைப்படி, நாணின் நீளத்தை 1718.87-ஆல் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் விலகு கோணம் நிமிடத்தில் வரும். 10 மீட்டருக்கு அது 1 டிகிரி 25 நிமிடம் 57 விநாடி. ஆனால் வளைவு தொடங்கும் செயினேஜ் முழு எண்ணாக இருப்பதில்லை. 1234.6 மீட்டரில் தொடங்கினால் முதல் முளை 1240-இல். முதல் நாண் 5.4 மீட்டர், அதன் கோணம் 46 நிமிடம் 25 விநாடி. அடுத்த முளைக்கு இரண்டையும் கூட்ட வேண்டும். காகிதத்தில் கூட்டினால் 2 டிகிரி 12 நிமிடம் 22 விநாடி வரும். கருவி தசமங்களை விடாமல் கூட்டி 21 விநாடி என்று காட்டும். இருபது முப்பது முளை போன பிறகு, காகிதக் கணக்கில் இந்த விநாடிகள் சேர்ந்து நிற்கும். ஆரம், தொடக்கச் செயினேஜ், இடைவெளி, மொத்தக் கோணம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு முளைக்கும் செயினேஜையும் கோணத்தையும் சேர்த்துக் காட்டும் புரோகிராம், பேசிக்கில் பதினைந்து வரிக்குள் அடங்கும். கடைசிக் கோணம், வளைவின் மொத்தத் திரும்பு கோணத்தில் சரிபாதியாக வர வேண்டும். அந்தச் சோதனையையும் புரோகிராமே செய்து காட்டும்படி எழுதிவிடலாம்.

எழுதிய புரோகிராமை வேலைக்குக் கொண்டுபோகும் முன் விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்ப்பது கட்டாயம். பேரிங் புரோகிராமுக்கு நான்கு கால்வட்டத்துக்கும் ஒவ்வொன்று, நேர் வடக்கு, நேர் கிழக்கு, இரண்டு புள்ளியும் ஒன்றேயான நிலை என்று ஏழு சோதனை போதும். டிகிரி, ரேடியன், கிரேடு என்ற மூன்று கோண முறைகளில் கருவி எதில் இருந்தாலும், புரோகிராமின் முதல் வரியே டிகிரிக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளிட்ட எண்களை விடையோடு திரும்பக் காட்டும்படி எழுதினால், தவறாக அடித்ததை அங்கேயே கண்டுகொள்ளலாம். வரி வரியாக ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் தேவை. கணினியோடு பேசாத கருவியில், ரீசெட் பொத்தானில் தெரியாமல் ஒரு குச்சி பட்டால், அந்த நோட்டு ஒன்றே மீதி.

இங்கே தமிழ்நாட்டுப் பயிற்சி முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறியியல், பாலிடெக்னிக் தேர்வுகளில் புரோகிராம் வசதியுள்ள கால்குலேட்டருக்குப் பொதுவாக அனுமதி இல்லை. கேட் தேர்விலோ சொந்தக் கால்குலேட்டரே கூடாது. திரையில் வரும் கால்குலேட்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். தேர்வின் நேர்மைக்காக இந்த விதிகள் நியாயமானவை. ஆனால் தேர்வில் இல்லாதது செய்முறை வகுப்பிலும் இல்லாமல் போய்விட்டது. ஐ.டி.ஐ. சர்வேயர் பிரிவில் படித்து வெளியே வருபவர் கேசியோவின் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரான எஃப்எக்ஸ்-991-ஐ நன்றாகக் கையாளுவார். தன் கணக்கைத் தானே ஒரு கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடைத்திருக்காது. செய்முறைப் பாடத்தில் பேரிங், டிராவர்ஸ், வளைவு, பரப்பு ஆகிய நான்கு புரோகிராம்களை மாணவரே எழுதி, சோதித்து, நோட்டில் பதிந்து மதிப்பெண் வாங்கும்படி வைப்பதற்குப் பெரிய செலவாகாது. சூத்திரம் உண்மையில் புரிந்ததா என்பதை அதைவிடத் துல்லியமாகக் காட்டும் தேர்வும் வேறில்லை. புரியாததை ஒருவர் புரோகிராமாக எழுத முடியாது.

அதுவரை 991 வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதிலுள்ள கேல்க் விசை, ஒரு சூத்திரத்தை எழுத்துகளோடு எழுதிவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்புக் கேட்டு விடை தரும். கோலன் குறியிட்டு இரண்டு மூன்று சூத்திரங்களை வரிசையாகவும் சேர்க்கலாம். 991இஎஸ்-இல் 99 பைட் வரை இடமுண்டு. வளைவுக் கணக்கு அதற்குள் அடங்கும். அணைத்தால் சூத்திரம் அழிந்துவிடும் என்பதால் காலையில் ஒருமுறை அடித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வாங்க நினைப்பவருக்கு இன்று தேர்வு சுருங்கிவருகிறது. எச்.பி. 50ஜி 2015-இலும், 35எஸ் 2021-இலும் நிறுத்தப்பட்டன. எச்.பி. பெயரில் 15சி 2023-இல் மறுபதிப்பாக வந்தது. எழுத்து காட்டாத திரை என்பதால் சேகரிப்பாளருக்கு அது அழகான பொருள், களத்துக்குப் பொருந்தாது. ஸ்விட்சர்லாந்தின் ஸ்விஸ்மைக்ரோஸ் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த டி.எம்.42, ஃப்ரீ42-இன் 34 இலக்கத்தையும் யு.எஸ்.பி. வழியே புரோகிராம் மாற்றும் வசதியையும் உண்மையான விசைகளோடு தருகிறது. ஆர்.பி.என். அறிந்தவர்களுக்கு இன்று கிடைப்பதில் அதுவே சிறந்தது; விலைதான் அதிகம். மற்றவர்களுக்கு, கடையில் கிடைக்கும் வரை 5800பி-யே போதுமானது. கிடைத்தால் குழுவுக்கு இரண்டாக வாங்குவது நல்லது, ஒன்று பழுதானால் மற்றதிலிருந்து புரோகிராமைக் கேபிளில் மாற்றிக்கொள்ளலாம். பழைய கருவி வாங்குபவர் பேட்டரி மூடியைத் திறந்து பச்சைப் பூச்சு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு போல் விசையில் மைனஸ் 30, மைனஸ் 40 கொடுத்து 50-உம் மைனஸ் 126 டிகிரி 52 நிமிடம் 12 விநாடியும் வருகிறதா என்று பார்த்து, பேட்டரியை ஒரு நிமிடம் கழற்றி மாட்டி, எழுதி வைத்த புரோகிராம் அழியாமல் இருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொண்டு பணம் கொடுக்கலாம்.